அம்மன் கொடுத்த டைப்ரைட்டிங்

தாடிக்கொம்புப் பக்கத்து மொக்கைச்சாமியின் தோட்டக் கிணறு 1951இல் வற்றியது. மலேயாவுக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை. அங்கிருந்து நீண்ட லீவில் வந்திருந்த அக்காள் புருஷன் சின்னக்கண்ணு, கைத்தொழில் ஒன்று கற்றுக்கொண்டால்தான் கூட்டிப்போவேன் என்றார்.

"என்ன தொழில் மச்சான்?"

"முடிவெட்டக் கத்துக்க மாப்ளே. சீனனுக்கும் முடி வளருது, நமக்கும் வளருது."

"வெள்ளாமை பாக்குற சம்சாரி வீட்டு ஆளு அடுத்தவன் தலையத் தொடுறதா? நான் டைப்படிக்கப் போறேன்."

"அங்க யாரு பாக்கப் போறா?"

"நம்ம ஊருல பாதி அங்கதான இருக்கு!"

வழக்கு அம்மன் கோயிலுக்குப் போனது. வெள்ளைப் பூ வந்தால் முடிவெட்டு, சிவப்பு வந்தால் டைப்ரைட்டிங். இலையில் மடித்த இரண்டு பொட்டலங்களில் ஒன்றைப் பூசாரி எடுத்தார். வெள்ளை. சரியாகக் குலுக்கவில்லை என்று சொல்லி மொக்கைச்சாமி மறுபடி எடுக்கவைத்தார். மறுபடியும் வெள்ளை. அடுத்த தடவை பொட்டலங்களை அவரே மடித்தார், இரண்டிலும் சிவப்பு அரளியை வைத்து. அம்மன் மனம் மாறினாள்.

திண்டுக்கல்லில் தட்டித் தட்டி லோயர் பரீட்சை பாஸ் செய்து, மச்சானோடு கப்பலேறினார். ஈப்போவில் டைப் தெரிந்தவர்கள் ஆபீஸ் வாசல்தோறும் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள். அலைந்து ஓய்ந்தவரைச் சின்னக்கண்ணு தான் வேலை பார்க்கும் இடத்துக்கு அழைத்துப்போனார். அது ஒரு சலூன்.

"லோயர் பாஸான விரலு மாப்ளே, கத்திரிக்கோல் நல்லா ஓடும்."

"ஊருல என்னன்னு சொல்றது மச்சான்?"

"நான் மேனேஜர்னு சொல்லிவச்சிருக்கேன். நீ அசிஸ்டெண்டு மேனேஜர்னு சொல்லிக்க."