தம்பியின் பெயரில் கொடுத்த படம்

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கக் கூசுகிறவன். ஆனால் இதை என்னால் வாயால் சொல்ல முடியவில்லை... அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் வைத்தியரை ஏமாற்றினேன். என் தொடையின் எக்ஸ்ரே படத்தை என் தம்பியின் படம் என்று கொடுத்தேன். மாறிக் கொடுக்கவில்லை. தெரிந்தே கொடுத்தேன்!

ஏழு வருடங்களுக்கு முந்திய கதை. தம்பி தயாளனுக்கு அப்போது இருபத்தேழு வயது. எனக்குப் பன்னிரண்டு வயது இளையவன். அம்மாவும் அப்பாவும் போனபின் அச்சுவேலி வீட்டில் நாங்கள் இருவர்தான். பகலில் வெங்காயத் தோட்டம். பின்னேரமானால் அவனுக்குக் கரப்பந்து.

வலைக்கு மேலே அவன் எழும்பி அடிக்கும் பந்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்...

எனக்கு விளையாடத் தெரியாது. எல்லைக் கோட்டில் கொடி பிடித்து நிற்பேன். பந்து உள்ளே விழுந்தால் கொடியைத் தாழ்த்துவேன், வெளியே விழுந்தால் உயர்த்துவேன். பேசத் தேவையில்லாத வேலை. "தயாவின்ரை அண்ணையின்ரை கொடி பொய் சொல்லாது" என்பார்கள். ஊரில் எனக்கென்று இருந்த ஒரே பெயர் அதுதான்.

ஒருநாள் தோட்டத்தில் குனிந்து நின்றவன் நிமிர்ந்து, "அண்ணை, மண் ஏன் வெளிறிக் கிடக்கு?" என்று கேட்டான். எங்கள் செம்மண்ணா வெளிறும்? வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தால், இடது கண்ணுக்குச் சிவப்பு சாம்பல்போலத் தெரிந்தது. கண்ணை அசைத்தால் நோவு. இரண்டு நாளில் அந்தக் கண் புகைமூட்டமாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் மருந்து ஏற்றினார்கள். பார்வை மெல்ல மெல்லத் திரும்பியது. ஆனாலும் வைத்தியர் அம்மா விடவில்லை. கண் நரம்பு அழன்றிருக்கிறது, நரம்புக்கு மேலே ஓர் உறை உண்டு, அதை உடம்பே அழிக்கும் நோய் ஒன்று இருக்கிறது, அதுவா என்று அறிய மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார்.

"அதுவரைக்கும் வெயிலிலை விளையாட விடாதேங்கோ. படத்தைப் பாத்திட்டுச் சொல்லுறன்" என்றவர், "அது பெரிய காந்தம். தம்பியின்ரை உடம்பிலை ஷெல் துண்டு, சூடுபட்ட சன்னம் ஏதும் கிடக்கோ?" என்றும் கேட்டார்.

போர் நடந்த எங்கள் பகுதியில் எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான். தம்பி மருந்து வாங்கப் போயிருந்தான். நான் தனியே நின்றேன்.

பருத்தித்துறையில் இறுதி ஆட்டத்துக்கு இன்னும் இரண்டு கிழமை. எங்கள் கழகம் அதுவரை இறுதிக்குப் போனதே இல்லை. படம் எடுத்து, அதில் ஏதும் தெரிந்துவிட்டால்?... மைதானம் முடிந்தது. பின்னேரங்கள் முடிந்தன. கண்தான் சுகமாகிவிட்டதே! பிறகென்ன படம்?

"ஓம்... தொடையிலை ஒரு துண்டு கிடக்கு" என்றேன்.

ஷெல் துண்டு கிடப்பது என் தொடையில். இடம்பெயர்ந்த காலத்தில் பட்டது. வீட்டு றங்குப் பெட்டியில் இரண்டு எக்ஸ்ரே படங்கள் இருந்தன. ஒன்று, கால் வீங்கியபோது எனக்கு எடுத்தது. மற்றது, தம்பி மோட்டார் சைக்கிளால் விழுந்தபோது அவனுக்கு எடுத்தது. இரண்டிலும் பெயர் உறையில் மட்டும்தான். மறுமுறை போனபோது என் படத்தை அவனுடைய உறைக்குள் வைத்துக் கொண்டுபோனேன்.

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். துண்டு இரத்தக் குழாய்க்கு மிகக் கிட்ட இருப்பதால் இப்போதைக்குக் காந்தம் வேண்டாம் என்றார். அதற்குப் பதிலாக மூளையைச் சீ.ரீ. ஸ்கான் எடுப்பித்தார். அதில் ஒன்றும் தெரியவில்லை. விளையாடுவதை அவர் பிறகு தடுக்கவில்லை. "இதிலை தெரியேல்லை எண்டதாலை இல்லையெண்டு நினைக்கவேண்டாம். கையோ காலோ விறைச்சால் உடனை கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று என்னிடம்தான் சொன்னார். நான் தலையாட்டினேன்.

தம்பியையும் நம்பவைக்க வேண்டியிருந்தது. அவன் தொடையில் சின்ன வயதில் பனை மட்டைக் கருக்கு கிழித்த தழும்பு ஒன்று உண்டு. "உது ஷெல் பட்டது. நீ பயந்திடுவாயெண்டு அம்மா சொல்லவேண்டாமெண்டவ" என்றேன். செத்துப்போன அம்மாவையும் என் பொய்க்குள் இழுத்தேன்!

இறுதி ஆட்டத்தன்று கடற்காற்றில் பந்து வளைந்து வளைந்து போயிற்று. சொந்தத் தம்பி விளையாடுவதால் எனக்குக் கொடி தரவில்லை. பார்வையாளர் பக்கமிருந்து ஒருவன், "டேய், ஒற்றைக் கண்ணன் அடிக்கப்போறான், விலகுங்கோடா!" என்று கத்தினான்.

"மற்றக் கண்ணை உன்ரை மண்டையைக் குறிபாக்க வைச்சிருக்கிறன்ரா!" என்றான் தம்பி. எழும்பினான். அடித்தான்.

வென்றோம்! பொழுதுபடுகிற நேரம் லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டியில் எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு ஊர் திரும்பினோம். அவன் என் தோளில் கைபோட்டிருந்தான். அந்த வியர்வையும் செம்மண் புழுதியும் கலந்த மணம்... இன்றைக்கும் எனக்கு மணக்கிறது.

அதற்குப் பிறகும் நல்ல வருடங்கள் இருந்தன. உங்களிடம் மறைக்கமாட்டேன், அந்தப் பின்னேரங்களை நினைத்தால் இன்னும் என் மனம் நிறைகிறது. நிறையலாமா? அவை நான் களவெடுத்தவை அல்லவா?

முதல் விறைப்பு ஒரு மாரியில் வந்தது. வலது கால் பாதம் மரத்துக் கிடந்தது. "உந்த ஷெல் தன்ரை வேலையைக் காட்டுது, அண்ணை" என்று சிரித்தான்.

"ஓம், குளிருக்கு எனக்கும் அப்பிடித்தான்" என்றேன்.

எப்படிச் சொன்னேன்! விறைத்தால் உடனே வரச்சொன்ன குரல் காதுக்குள் கேட்கவே சொன்னேன். மூன்று கிழமையில் விறைப்பு மாறியது. "பாத்தியா, ஒண்டுமில்லை" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொரு மாரியில் கை. பிறகு, கழுத்தைக் குனிந்தால் முதுகால் கரண்ட் ஓடுகிறது என்றான். எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு காரணம் இருந்தது. தொடையில் கிடக்கும் துண்டு... நான் கொடுத்த துண்டு!

போன மாதம் வரம்பில் விழுந்தான். எழும்ப முடியவில்லை.

இந்தமுறை வேறொரு வைத்தியர், இளைஞர். துண்டு நகர்ந்திருக்கிறதா என்று முதலில் தொடையைப் புதிதாக எக்ஸ்ரே எடுப்பித்தார். வெறும் எலும்பு. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு துண்டும் இல்லையே!" என்றார்.

தம்பி கட்டிலிலிருந்து என்னைப் பார்த்தான். அதுதான் சொல்லவேண்டிய நேரம்.

"அப்ப... படம் மாறிப்போச்சுதாக்கும்" என்றேன்.

அவன் ஒரு கணம் விழித்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். "ஐயோ அண்ணை! ஏழு வருசமா உங்கடை ஷெல்லையோ நான் காவித் திரிஞ்சனான்? அப்ப அம்மா சொன்னது?"

"அம்மாவும் மாறி நினைச்சிருப்பா."

"சரி விடுங்கோ. ஆருக்கும் பிழை வரும்தானே" என்று என் கையைப் பிடித்தான்.

செய்யாத பிழைக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது. செய்ததற்கு இனி நான் யாரிடம் போவேன்?

காந்த அறைக்குள் அவனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே தட்டுவதும் இடிப்பதுமாகச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

படத்தைக் கணினித் திரையில் காட்டினார்கள். மூளையிலும் முள்ளந்தண்டிலும் வெள்ளைப் புள்ளிகள். நடுவில் ஒரு மருந்து ஊசி போட்டு எடுத்தார்களாம். அதற்கு ஒளிர்பவை புதியவை, ஒளிராதவை பெரும்பாலும் பழையவை என்றார் வைத்தியர். இரண்டு மட்டுமே ஒளிர்ந்தன. மற்றவை எத்தனையோ!

"வருசக்கணக்கா வந்து வந்து போயிருக்கு. முந்தியே தெரிஞ்சிருந்தால் மருந்து தொடங்கியிருக்கலாம். வாற தாக்கங்களைக் குறைச்சிருக்கலாம். எவ்வளவெண்டு இப்ப சொல்லேலாது" என்றார்.

நான் அந்தப் புள்ளிகளையே பார்த்தபடி நின்றேன். "எனக்கும் அப்பிடித்தான்" என்று நான் சொன்ன மாரியில் வந்தது இதில் எது? இதுவா? அதற்குப் பக்கத்தில் இருப்பதா?... ஒருவேளை எல்லாம் இப்படித்தான் வந்திருக்குமோ? அப்படி நினைத்து ஆறுதல் அடைய எனக்கு உரிமை உண்டா? நீங்கள் சொல்லுங்கள்!

நோயாளர் விடுதிக்குத் திரும்பும்போது அவனுடைய சக்கர நாற்காலியைத் தள்ளியது நான்தான். அந்த நீளமான நடைவழியில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. மூன்று முறை வாயைத் திறந்தேன். மூன்றாவது முறை அவன் திரும்பி, "என்ன அண்ணை?" என்றான்.

"பசிக்குதோ?" என்று கேட்டேன்.

மறுநாள் காலை மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். வலது கால் அசையவில்லை. நான் இடியப்பம் கொண்டுபோனேன். தம்பி பக்கத்துக் கட்டில்காரரிடம், "இவர்தான் என்ரை அண்ணை. என்னை வளர்த்தவர்" என்று என்னைக் காட்டினான். அவர் தன் கதிரையை என் பக்கம் தள்ளினார். நான் அதில் உட்கார்ந்தேன்.