ஜூலியின் ஏழு அடையாளங்கள்

நேற்றுக் காலை எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பூனையைக் காணோம் என்று செய்தி வந்தது. சாம்பல் நிறம், கழுத்தில் சிவப்புப் பட்டை, ஒன்பதாவது மாடி. அவ்வளவுதான், நான் எழுந்து போய் அடுப்பில் ஒரு பாத்திரத்தை வைத்து இரண்டு கரண்டி மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் கிளற ஆரம்பித்துவிட்டேன். என்ன செய்கிறேன் என்று எனக்கே உறைக்கவில்லை. பசை கொதித்து மினுமினுக்கிற நேரத்தில் அடுத்த செய்தி வந்தது. பூனை பதினோராவது மாடியில் யாருடைய செருப்பு அலமாரியிலோ தூங்கிக்கொண்டிருந்ததாம். காணாமல் போனதிலிருந்து கிடைத்ததுவரை மொத்தம் நாற்பது நிமிடம். மனைவி எட்டிப் பார்த்து, இதை வைத்து எதை ஒட்டப்போகிறீர்கள் என்று கேட்டாள். வைட்ஃபீல்டில் எங்கள் பக்கம் போஸ்டர் ஒட்ட ஒரு சுவர்கூடக் கிடையாது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வெந்த மைதாவின் வாசனை உங்களுக்குப் பழக்கமா? புளிக்காத தோசைமாவுக்கும் பழைய புத்தகத்துக்கும் நடுவில் ஒரு வாசனை. என் இருபத்துநான்காவது வயதில், ஒரு தீபாவளி முடிந்த கையோடு, அது என் விரலிடுக்கில் குடியேறி ஐந்து வாரம் போகவில்லை. அப்போது காக்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் மாடியறையில் இருந்தேன். வேலை வைட்ஃபீல்டில், மென்பொருள் சோதிப்பவன். அதாவது, மற்றவர்கள் செய்து வைத்ததில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்து, எந்தத் திரையில் எந்தப் பொத்தானை அழுத்தியபோது என்ன ஆயிற்று என்று ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுக்கவேண்டும். ஒன்றுவிடாமல் எழுதுவதில் நான் சூரன். அந்தச் சூரத்தனம்தான் என்னைக் கவிழ்த்தது.

தீபாவளிக்கு மறுநாள் காலை, வண்டியை எடுக்கக் கீழே வந்தால் அதன் அடியில் ஒரு வெள்ளைப் பொமரேனியன். பட்டாசுக்குப் பயந்து எங்கிருந்தோ ஓடி வந்திருக்கிறது. உடம்பெல்லாம் கரி, நடுக்கம் நிற்கவில்லை. கீழ்வீட்டில் ஸ்டெல்லா இருந்தாள். என் வயதுதான். ஒரு விலங்கு மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிற வேலை. தொலைந்த நாயையும் அதைத் தேடுகிற ஆளையும் சேர்த்துவைப்பது அவளுடைய சம்பளமில்லாத இரண்டாவது வேலை. அன்றைக்கு அவள் கோலார் தங்கவயலில் அக்கா வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தோள்பையோடு அப்படியே குத்தவைத்து உட்கார்ந்து, முதலில் கன்னடத்தில் கூப்பிட்டாள், பிறகு உருதுவில், பிறகு இங்கிலீஷில். நாய் தலையைத் தூக்கவில்லை. "வாடி தங்கம்" என்றதும் காது நிமிர்ந்தது. தமிழ் வீட்டு நாய்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, போஸ்டரைத் தான் வந்து எழுதுவதாகவும் அதுவரை சோறு மட்டும் போட்டால் போதும் என்றும் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

சோறு மட்டும் போட்டிருக்கலாம். எனக்குத்தான் கை சும்மா இராதே. நாயைக் குளிப்பாட்டித் துவட்டி, தலைமுதல் வால்வரை சோதித்து, ஏழு அடையாளங்களைக் கண்டுபிடித்தேன். இடது காதின் உள்ளே டீ சிந்தினது போல் ஒரு பழுப்பு மச்சம், கீழ்வரிசையில் ஒரு பல் இல்லை, பின்னங்காலில் ஒரு நகம் மட்டும் கறுப்பு, வயிற்றில் பழைய தையல் என்று ஏழையும் எண் போட்டு, முத்து முத்தான கையெழுத்தில் எழுதி, இருபது நகல் எடுத்துப் பசை காய்ச்சி ஒட்டினேன். மார்க்கெட் பக்கம் ஒட்டிய இரண்டை மாடு தின்றுவிட்டது. பசை ருசி அப்படி. மீதிப் பதினெட்டும் கச்சிதமாக இருந்தன. ஆபீசில் யாராவது இப்படி எழுதியிருந்தால் மேனேஜரே பாராட்டியிருப்பார்.

அன்று மாலையே காரில் ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், நல்ல சட்டை, நல்ல தமிழ். காது மச்சத்தில் ஆரம்பித்து ஏழையும் வரிசை தவறாமல் சொன்னார். நாய் அவரைப் பார்த்துத் துள்ளவில்லை. பட்டாசில் மிரண்டுபோயிருக்கிறது பாவம் என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. போன் நம்பரை வாங்கிக்கொண்டு நாயைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன். அன்று ராத்திரி பூராவும் எனக்குப் பெருமை தாங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டெல்லா திரும்பி வந்து, தெருமுனையில் இருந்த போஸ்டரை நின்று படித்துவிட்டு நேராக மாடிக்கு வந்தாள்.

"ஒண்ண மறைச்சு வெக்கணும்ப்பா. அது வர்றவங்க வாயால வரணும். நீ என்னடான்னா கேள்வியோட பதிலையும் சேத்து ஒட்டியிருக்க."

அவர் கொடுத்த நம்பரை அழைத்தோம். அப்படி ஒரு எண்ணே இல்லை என்றது.

அடுத்த நாள் அமலா அக்கா வந்தார். பிரேசர் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. கையில் போஸ்டரைக் கிழியாமல் உரித்து எடுத்து வந்திருந்தார். நாயின் பெயர் ஜூலி. அவருடைய கணவர் அந்தோணி அண்ணன் எலக்ட்ரீசியனாக இருந்தவர். போன வருடம் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் தினமும் நடக்கச் சொன்னார்கள். யார் சொல்லியும் எழுந்திருக்காதவர், ஜூலியை வெளியே கூட்டிப்போக மட்டும் எழுந்திருப்பாராம். ஜூலி போனதிலிருந்து கட்டிலைவிட்டு இறங்கவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"அது இல்லன்னா அவரு எழுந்துக்கவே மாட்டாரு தம்பி. நீயே தேடிக் குடுத்துடு."

என்னால் ஒரு மனிதர் படுத்துக் கிடக்கிறார் என்ற நினைப்பு என்னைச் சாப்பிடவிடவில்லை. கிடைக்கிறவரை ஓய்வதில்லை என்று முடிவு செய்தேன். ஆபீஸ் நோட்டில் ஒரு பக்கத்தில் தெருக்களை வரைந்து, இங்கே கிராஸ் என்று சொல்கிற குறுக்குத் தெருக்களைத் தேடி முடிக்க முடிக்கப் பென்சிலால் அடித்துக்கொண்டே போனேன். வேலை முடிந்து வந்து வண்டியை நிறுத்தியதும் தெருவிளக்கு வெளிச்சத்தில் ஒரு தெரு, ஞாயிற்றுக்கிழமையானால் காலைமுதல் ஆறேழு தெரு. காக்ஸ் டவுன், பிரேசர் டவுன், லிங்கராஜபுரம் எல்லாம் முடிந்தன. பால்காரர், பேப்பர் போடுகிறவர், வாசல் காவலாளிகள் என்று ஒருவரையும் விடவில்லை. நாய்களுக்கு முடி வெட்டுகிற கடையில் என்னைப் பார்த்ததுமே இல்லை என்று கையை ஆட்டினார்கள். ஸ்டெல்லா மருத்துவமனைக்கு வந்த ஒவ்வொரு வெள்ளை நாயின் காதையும் மடித்துப் பார்த்தாள். வழியில் தொலைந்த இரண்டு கிளிகளும் ஒரு லேப்ரடாரும் கிடைத்து வீடு போய்ச் சேர்ந்தன. ஜூலி மட்டும் கிடைக்கவில்லை. நாலாவது வாரம், போதும் விட்டுவிடு என்று அறைக்கு வந்த நண்பன் சொன்னபோது அவனோடு சண்டை போட்டேன்.

ஐந்தாவது ஞாயிறு, இஸ்திரி வண்டி முனியப்பாவிடம் துணி வாங்கப் போனேன். எங்கள் தெரு முனையில் மரத்தடியில் நிற்கிறவர். அவரிடம் மூன்று தடவையாவது ஜூலியைப் பற்றிக் கேட்டிருப்பேன், பார்த்ததில்லை என்றுதான் சொல்லியிருந்தார். அன்றைக்கு என் நீலச் சட்டையில் ஒரு வெள்ளை முடி ஒட்டியிருந்தது. இதென்ன என்று கொஞ்சம் காரமாகவே கேட்டேன்.

"நா இன்னா சார் பண்றது? அந்த நாலாவது கிராஸ் பச்ச கேட்டு வூடு. ஒரு மாசமா அவங்க துணி பூரா நாய் முடிதான். விரிப்புல ஒட்டிக்கினு எல்லார் துணிக்கும் போவுது. முன்ன அங்க நாயே கெடையாது."

நாயைப் பார்த்தீர்களா என்று கேட்டேனே தவிர, நாயின் முடியைப் பார்த்தீர்களா என்று கேட்கத் தோன்றவில்லை பாருங்கள். நாலாவது கிராஸை முதல் வாரமே பென்சிலால் அடித்திருந்தேன்.

மத்தியானமே போனோம். ஸ்டெல்லா, நான், அமலா அக்கா, ஆட்டோவுக்குள் அந்தோணி அண்ணன். அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பி உட்காரவைக்கவே அரைமணி நேரம் ஆகியிருந்தது. பச்சைக் கேட்டைத் திறந்தவர், அன்றைக்குக் காரில் வந்த அதே ஆள்தான். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "ஏழு அடையாளம் கேட்டீங்க, ஏழும் சொன்னேன்ல?" என்றார். அதற்குள் ஜூலி அவர் காலருகே வந்து எட்டிப் பார்த்தது. ஐந்து வாரத்தில் நன்றாகக் கொழுத்திருந்தது. அமலா அக்கா கூப்பிட்டார், வாலை ஆட்டியது. நான் கூப்பிட்டேன், எனக்கும் ஆட்டியது.

அப்போது அந்தோணி அண்ணன், யாரும் சொல்லாமல், ஆட்டோவிலிருந்து காலைக் கீழே வைத்தார். ஸ்டெல்லா ஓடிப்போய் நாலு கால் ஊன்றுகோலைக் கொடுத்தாள். அவர் கோலைத் தட்டி ஊன்றினார். அந்தச் சத்தம் கேட்டதும் ஜூலி குரைக்கவில்லை, தாவவில்லை. வாசலைத் தாண்டி வந்து, அவருடைய செத்த காலோடு தன் உடம்பை ஒட்டி நின்றது. கோல் ஒருமுறை தட்டியது, ஜூலி ஓரடி வைத்தது, நின்றது. மறுபடி தட்டியது, மறுபடி ஓரடி. அந்தக் கால் இழுத்து வந்து சேருகிறவரை அது அசையவில்லை. இதை யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை என்று பிறகு அமலா அக்கா சொன்னார். இப்படி ஒன்றை எந்தப் போஸ்டரில் எழுதுவது? எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவும் முடியவில்லை.

பச்சைக் கேட்டுக்காரர் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய்ச் சங்கிலியையும் ஒரு சின்னப் போர்வையையும் எடுத்து வந்து அமலா அக்காவிடம் கொடுத்தார். தங்களுடைய நாய் போன வருடம் செத்துப்போயிற்று, இதே மாதிரி வெள்ளை, மனைவி அதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்க்கலாமா என்றும் கேட்டார். நான் அவரை நாலு வார்த்தை கேட்பதற்காக வாயைத் திறந்தேன். அமலா அக்கா அதற்குள் "வாங்க, உங்க வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். அவர்கள் வரவும் செய்தார்கள், வேகவைத்த ஈரலோடு. எனக்கு ஆறேழு மாதம் கோபம் தீரவில்லை.

அந்தோணி அண்ணன் அதற்கப்புறம் நாலு வருடம் நடந்தார். இப்போது ஸ்டெல்லா கல்யாணமாகி எங்கோ வெளிநாட்டில் இருக்கிறாள். முனியப்பாவின் மரத்தடியில் காபிக் கடை வந்துவிட்டது. எந்த வீட்டுத் துணியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று அறிந்த ஆள் அந்தத் தெருவில் இன்று ஒருவரும் கிடையாது. பச்சைக் கேட்டு வீடு இருந்த இடத்தில் ஐந்து மாடி. பிரேசர் டவுனில் அமலா அக்கா குடியிருந்த வரிசை வீடுகளையும் இடித்துவிட்டார்கள். அவர் ஓசூரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

அங்கே போவதற்கு முந்தைய மழைக்காலத்தில் ஒரு நாள் ஆபீஸ் நேரத்தில் அவரிடமிருந்து போன் வந்தது. ஜூலி என்றார். நான் நாற்காலியைவிட்டு எழுந்து, எந்தப் பக்கம் போச்சு, எப்போதிலிருந்து காணோம் என்று கேட்டுக்கொண்டே பையை எடுத்துவிட்டேன்.

"இந்தத் தடவ தேட வேணாம் தம்பி," என்றார்.