மேல்பீலியில் நான் மறைத்தது

சபையாரே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு தடவை மறைத்துப் பட்டது போதும். இனி எதையும் மறைக்கிற உத்தேசம் எனக்கில்லை.

போன வருட நவம்பர் மழையில் எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மலை சரிந்தது. உயிர் தப்பியதே ஆண்டவர் கிருபை. வட்டகொடைக்குப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை முகாமாக்கி எங்களைத் தங்கவைத்தார்கள். ஒரு வகுப்பறைக்கு ஆறு குடும்பம். நான் முகாம் சமையலில் நின்றேன், காலையும் மாலையும் ஜெபம் நடத்தினேன். இந்துச் சனங்கள்கூட என்னை ஜெபக்கார அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பொய் சொல்வானேன், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

இரண்டாவது வாரம் என் நாலு வயது மகள் ஜெனிட்டாவுக்கு வயிற்றோட்டம் கண்டது. சுகாதாரப் பரிசோதகரை நாங்கள் பி.எச்.ஐ. ஐயா என்போம். சிங்களவர். "வயித்தால போனா ஒடனே சொல்லுங்க, மறைக்க வேணாம்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். நான் சொல்லவில்லை. சமையலிலிருந்து நிறுத்திவிடுவார்கள். ஜெபக்காரி பிள்ளைக்கே வியாதியா என்று கேட்பார்கள். "ஆண்டவரே, ஒருத்தருக்கும் தெரியாம சுகமாக்கிடுங்க" என்று அழுதேன்.

அவள் துணியை எல்லோரும் குளிக்கிற தண்ணீர்ப் பீலியில் அலசினால் தெரிந்துவிடும். அதனால் மலைத்தண்ணீர் விழுகிற மேல்பீலிக்கு ஏறிப்போய் அலசினேன். அங்கே ஆள் நடமாட்டம் கிடையாது.

மூன்றாம் நாள் செல்வராணி வந்தாள். என் பக்கத்துப் பாயில் படுக்கிறவள், மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிற குடும்பம். கையில் ஒன்பது மாதக் குழந்தை துவண்டுபோய்க் கிடந்தது.

"அக்கா, நேத்துலருந்து தண்ணி தண்ணியா போகுது. இன்னும் ரெண்டு மூணு புள்ளைகளுக்கும் அப்படித்தானாம். ஒங்க சாமிகிட்ட கேளுங்க அக்கா."

குழந்தையின் தலையில் கை வைத்தேன். பழகிய வார்த்தை ஒன்றுமே வரவில்லை. கடைசியில் வாயிலிருந்து வந்தது இதுதான்: "ஆண்டவரே, என் புள்ளைக்கும் இதே வியாதிதான். மூணு நாளா மறைச்சிட்டேன். மன்னிச்சிடுங்க."

செல்வராணி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைச் சாகும்வரை மறக்கமாட்டேன்.

நேரே பி.எச்.ஐ. ஐயாவிடம் ஓடினேன். அவர் திட்டவில்லை. "துணி எங்க கழுவினது?" என்று மட்டும் கேட்டார். சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. பழைய குழாய் மண்ணில் புதைந்துபோனதால், மேல்பீலிக்குக் கீழேயிருந்துதான் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் குழாய் இழுத்திருந்தார்களாம். பிள்ளைகள் குடித்தது அந்தத் தண்ணீரை. 

அன்றைக்கே குழாயை அடைத்தார்கள். பவுசர் லாரியில் தண்ணீர் வந்தது. கொதிக்கவைக்காமல் ஒரு மிடறும் குடிக்கக்கூடாது என்றார்கள். ஜெனிட்டாவையும் செல்வராணியின் குழந்தையையும் ஒரே வண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். இரண்டு பேருக்கும் கையில் சேலைன். நாலு நாள் அடுத்தடுத்த கட்டிலில் இருந்தோம். செல்வராணி என்னோடு பேசவே இல்லை. நான் என் மகளுக்கு முன்னால் அந்தக் குழந்தைக்காகத்தான் ஜெபித்தேன்.

ஐந்தாம் நாள் குழந்தை அழுது பால் குடித்தது. செல்வராணி என்னிடம் ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் நீட்டினாள்.

"குடிங்க அக்கா. கொதிச்ச தண்ணிதான்."

அங்கேயே உடைந்து அழுதேன். எல்லாப் பிள்ளைகளும் சுகமானார்கள். முகாமில் அதன்பின் வேறு ஒருவருக்கும் வியாதி பரவவில்லை.

சமையலுக்கு என்னைத் திரும்ப எடுக்கவில்லை, அது நியாயம்தான். இன்னும் முகாமில்தான் இருக்கிறோம். இப்போது காலையில் கொப்பியோடு ஒவ்வொரு வகுப்பறையாகப் போய், யாருக்காவது வயிற்றால் போகிறதா என்று கேட்டு எழுதுவது என் வேலை. யாராவது தயங்கினால் என் கதையைச் சொல்லுவேன்.

ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று நான் கேட்டதை ஆண்டவர் தரவில்லை. தந்திருந்தால் அந்தக் குழந்தை இன்று இல்லை. அதற்காகத்தான் அவருக்கு முதல் நன்றி. நீங்களும் நம்பிக் கேளுங்கள், அவர் கைவிடமாட்டார். ஆனால் அவரிடம் அழுது சொல்வதை, அன்றைக்கே பி.எச்.ஐ. ஐயாவிடமும் சொல்லிவிடுங்கள்.