துர்காதேவி அச்சில் போட்ட சாக்லேட் பார்

துர்காதேவியைப் பற்றி எங்கள் தெருவில் ஆளுக்கொரு பேச்சு. பேராசை என்கிறாள் ஒருத்தி. அஜாக்கிரதை என்கிறாள் இன்னொருத்தி. பேசுகிறவர்களுக்கு வாயா வலிக்கப் போகிறது? செராமிக் யூனிட்டில் அவளுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து வேலை செய்கிறவள் நான். நடந்தது எனக்குத் தெரியும்.

அகல் விளக்கோ பொம்மையோ, சூளைக்குப் போகுமுன் எங்கள் கைக்கு வரும். காய்ந்த சாமானின் பிசிறைச் சீவித் தேய்த்து வழவழப்பாக்குவது பெண்கள் வேலை. பறக்கிற தூசி பாதி மடியில், பாதி மூக்கிலும் வாயிலும். அவள் வீட்டுக்காரர் கொளஞ்சிநாதன் அதே யூனிட்டில் மண் அரைத்தவர். இப்போது நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாமல் மூச்சு வாங்குகிறார். அப்புறம் இவளுக்கும் இருமல் வந்தது. நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "உனக்கு இன்னும் முத்தலம்மா. இந்தத் தூசிய வுட்டு வெளிய வந்துட்டா தப்பிச்சிப்ப" என்றார். அன்றையிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

வழி காட்டியவன் ஜங்ஷன் ரோட்டில் ஜிம் வைத்திருக்கும் பாரி. இவள் செய்த கடலை உருண்டையைத் தின்றுவிட்டு, "அக்கா, எங்க பசங்க திங்கிற சாக்லேட் புரோட்டீன் பாரு நீங்களே செஞ்சி குடுங்களேன். சக்கர மட்டும் போடாதீங்க" என்றான்.

செய்தாள். வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை, பொட்டுக்கடலை மாவு, கொட்டை எடுத்து அரைத்த பேரீச்சம்பழம், கொஞ்சம் எள், கோகோ பவுடர். ருசியில் குறையில்லை. ஆனால் தட்டில் பரப்பி வெட்டினால் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது. ரப்பர் அச்சு ஆன்லைனில் கிடைக்கும் என்றான் பாரி. இவள் சிரித்துவிட்டாள்.

"அச்சுக்குப் போயி வெளிய கையேந்தணுமா தம்பி? எங்க பொழப்பே அச்சுதான்."

யூனிட்டில் பொம்மை வார்க்கிற அச்சு, வெள்ளை பிளாஸ்டர் மாவைக் குழைத்துச் செய்தது. மண்ணில் இருக்கிற ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும், பொம்மை தானாகக் கழன்று வரும். அதே பிளாஸ்டரில் பாருக்கும் அச்சு செய்தாள். பேரீச்சையின் ஈரத்தையும் அது உறிஞ்சியது. தட்டினால் போதும், மூலை மடங்காமல், ஜிம்மின் பெயர் மேலே எழும்பி, கடைச் சரக்கு தோற்றுப்போகும் அழகோடு பார் விழுந்தது. எனக்கே பெருமை தாங்கவில்லை. ஒவ்வொரு ஈடும் இறங்கியதும் முதல் துண்டு கொளஞ்சிநாதனுக்கு, அடுத்தது எனக்கு. நாங்கள் நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் ஜிம்முக்குப் போகும். கம்மாபுரத்துப் பையன்கள்கூட வண்டியில் வந்து வாங்கிப் போனார்கள். துர்காதேவி யூனிட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேலையிலிருந்து நின்றுவிட்டாள்.

பிறகு ஒருநாள் பாரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். நானும் அங்கேதான் இருந்தேன்.

"அக்கா, கொஞ்ச நாளா எல்லாரும் நறநறன்னு இருக்குதுன்றாங்க. பல்லுல மணலு தட்டுதாம். ஒரு பையன் வீடியோ எடுத்து குரூப்புல போட்டுட்டான்."

"மணலா? நான் செஞ்சதுலயா?" ஒன்றை எடுத்துக் கடித்தாள். மெதுவாக, நன்றாக மென்றாள். "நல்லாத்தான தம்பி இருக்குது?"

பாரி அவளையே பார்த்தான். அவனும் ஒரு துண்டு கடித்தான். கடித்த வேகத்தில் உள்ளங்கையில் துப்பி நீட்டினான். கறுப்பு மாவில் வெள்ளை வெள்ளையாகப் பொடி. ஈரமும் கடலை எண்ணெயும் ஏறி ஏறி அச்சு ஊறிப்போய், ஓரமெல்லாம் உதிர்ந்துகொண்டிருந்திருக்கிறது.

அவள் நம்பாமல் கணவரிடம் ஒரு துண்டு கொடுத்தாள். அவர் மென்றுவிட்டு, "நல்லா... தான்... இருக்குது" என்றார்.

இவர்கள் நாக்குக்கு ஏன் தெரியவில்லை என்று பாரிக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது. அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானாவது பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். பெட்டியை வைத்துவிட்டு, "வுட்ருங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். ரப்பர் அச்சு வாங்கித் திரும்பச் செய்யலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். வீடியோ ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது, இனி யார் வாங்குவார்கள் என்றாள். அதுவும் சரிதான்.

திங்கட்கிழமை யூனிட்டுக்கு வந்து தன் பழைய மேஜையில் உட்கார்ந்தாள். சாப்பாட்டு நேரத்தில் மிச்சமிருந்த ஒரு பாரைப் பிரித்து என்னிடம் நீட்டினாள்.

"எனுக்குத்தான் தெரியலக்கா. அவருக்கும் தெரியல. நீ சொல்லு, பல்லுல தட்டுதா?"

கண்ணை மூடிக்கொண்டு மென்றேன். நாக்கால் துழாவித் துழாவித் தேடினேன். கடலை இருந்தது, பேரீச்சை இருந்தது, கோகோவின் கசப்பு இருந்தது. வேறொன்றும் தட்டுப்படவில்லை. அவர்கள் இரண்டு பேரைப் போலத்தான் என் நாக்கும் தூசியில் மரத்துப் போயிருக்கிறது.

"தட்டுதுடி, லேசா தட்டுது" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.