அந்தப் பேனலைச் செய்தவர் கஜேந்திரன்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இரும்புலியூரில் என் கடை வாசலில் ஒரு காரின் கதவைப் பிரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் 'கஜா ஃபைபர்' என்று வந்தது. இரண்டு வருடமாக அந்தப் பெயர் என் போனில் வந்ததில்லை. கை அழுக்காக இருக்கிறது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு எடுக்காமல் விட்டேன். மறுபடி அடித்தபோது எடுத்தேன். பேசியவர் கஜாவின் மனைவி வள்ளி.

"அவரு போயிட்டாரு சார். படகாண்ட வேல செஞ்சிகினே இருந்தாரு. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாரு, அவ்ளோதான்."

தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டிப் பிழைக்கும் நம் தொழில்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கடைக்கு வந்துபோனவர்கள், பின்பக்கத் தகரக் கொட்டகையில் முகத்தில் துணி கட்டிக்கொண்டு எதையாவது தேய்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதரைப் பார்த்திருக்கலாம். நான் அவரை உங்களுக்கு அறிமுகம் செய்திருக்க மாட்டேன். அவர் பெயர் கஜேந்திரன். என் கடையின் பெயரில் நீங்கள் பாராட்டிய ஃபைபர் வேலைகள் எல்லாம் அவர் செய்தவை.

அவர் கோவளம் பக்கத்து மீனவக் குப்பத்துக்காரர். ஃபைபர் படகுகளுக்கு ஓட்டை அடைப்பதுதான் அவர் தொழில். நண்பர் ஒருவரின் லோடு ஆட்டோவுக்கு ஸ்பீக்கர் மாட்ட வந்தவர், நான் பிளைவுட்டில் செய்து வைத்திருந்த பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத ஏன் சார் வண்டிக்குள்ள பொட்டி மாரி வெக்கிறீங்கோ? ஃபைபர்ல செஞ்சா வண்டியோட வண்டியா சேந்துக்குமே" என்றார். அடுத்த வாரம் வேலைக்கு வந்துவிட்டார். நான்கு வருடம் இருந்தார். என்னைவிட ஏழு வயது மூத்தவர். தனியாக இருக்கும்போது அண்ணா என்பேன். வாடிக்கையாளர் முன்னால் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். ஃபைபருக்குப் பூசும் ரெசின் பசையின் நாற்றம் அடிக்கிறது, முன்பக்கம் வர வேண்டாம் என்றும் சொல்லி வைத்திருந்தேன். அவர் அதற்கும் சரி என்றார்.

நாவலூரில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் பிரவீன் என்பவர் ஒருநாள் புது காரோடு வந்தார். கதவில் கம்பெனி கொடுத்த இடத்தில் அவர் வாங்கிய பெரிய ஸ்பீக்கர் உட்காரவில்லை. தனியாக ஒரு பேனல் செய்ய வேண்டும். நான் டேப் எடுத்துக் கதவை அளந்து தாளில் குறித்துக் கொடுத்தேன். கஜேந்திரன் தாளைப் பார்க்கவில்லை. கொட்டகை ஓரமாக நின்று, பிரவீன் காரில் ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த சாருக்கு வலது முட்டி மடங்கல. கையால தூக்கித்தான் உள்ள வெக்கிறாரு. நீங்க சொல்ற அளவுக்குச் செஞ்சா டெய்லி இடிச்சிக்குவாரு" என்றார். பிறகு அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "வண்டிய அப்பறம் அளக்கலாம் சார். மொதல்ல ஆள அளக்கணும்."

மரச் சட்டத்தில் ஸ்பீக்கர் வளையத்தை வேண்டிய சாய்வில் பொருத்தினார். அதன்மேல் துணியை இழுத்துக் கட்டி ரெசின் பூசினார். அது இறுகியதும் உட்புறம் கண்ணாடி இழைப் பாயை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினார். முட்டி வரும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் குழிவு கொடுத்தார். அந்தக் குழிவு கதவின் வளைவோடு போய்ச் சேர, பட்டி பூசித் தேய்த்து, பூசித் தேய்த்து மூன்று நாள் ஆனது. மாட்டியபோது அது காரோடு பிறந்ததுபோல் இருந்தது.

பிரவீன் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். காலை அசைத்துப் பார்த்தார். அவர் கண் கலங்கியது.

"சார், என் கால்ல ஆபரேஷன் ஆனதை நான் உங்ககிட்ட சொல்லவே இல்லையே. யாரு கவனிச்சது?"

"நான்தான் சார்" என்றேன்.

கஜேந்திரன் பத்தடி தூரத்தில் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வேலையைச் செய்தது நான் என்று சொல்லியிருந்தால்கூட, கடை முதலாளி பேசும் பேச்சு என்று என்னை மன்னித்துக்கொண்டிருப்பேன். ஒரு மனிதரின் வலியைப் பார்த்த கண்ணையே என்னுடையது என்று சொன்னேன்.

பிரவீன் அதை வீடியோவாக எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினார். அதைப் பார்த்து, குரோம்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் பேராசிரியராக இருக்கும் அவருடைய நண்பர் என்னை அழைத்தார். மாணவர்கள் முன்னால் ஒரு பேனல் செய்து காட்ட வேண்டுமாம். மறுக்க வேண்டிய இடம் அது. நான் சம்மதித்தேன். கஜேந்திரனை உதவியாளர் என்று கூட்டிப்போனேன்.

ஃபைபர் வேலையில் ரெசின் இறுகுவதற்கு அதோடு இரண்டு திரவங்கள் சேர்க்க வேண்டும். ஒன்று கோபால்ட், மற்றது கேட்டலிஸ்ட். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அதன் பிறகுதான் கேட்டலிஸ்ட் விட வேண்டும். இரண்டும் நேராகச் சேர்ந்தால் குபீரென்று பற்றிக்கொள்ளும். "ரெண்டும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கக் கூடாது சார்" என்று கஜேந்திரன் நூறு முறையாவது சொல்லியிருப்பார். நான் காதில் வாங்கியதில்லை.

அறுபது பேர் சுற்றி நின்றார்கள். பயத்தில் எனக்கு ரெசினே மறந்துபோனது. காலிக் கோப்பையில் கோபால்ட்டை ஊற்றினேன். அடுத்து கேட்டலிஸ்ட் பாட்டிலைத் திறந்து சாய்த்தேன். ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது.

"சார், வூட்லேர்ந்து போன். அவசரமாம். நீங்க பேசிட்டு வாங்கோ, நான் கலக்கி வெக்கிறேன்" என்றார் கஜேந்திரன், எல்லோருக்கும் கேட்கும்படி.

போன் எதுவும் வரவில்லை. வராந்தாவில் போய் நின்று, சும்மா இருந்த போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கூச்சத்தோடு தொடங்கியவர், பாயை விரித்ததும் தன் வேலைக்குள் போய்விட்டார். மாணவர்கள் நெருங்கி வந்து கேள்வி கேட்டார்கள். நான் உள்ளே போனபோது கைத்தட்டல் எழுந்தது. "எல்லாம் சார் சொல்லிக் குடுத்ததுதான்" என்று சொல்லி அவர் பின்னால் நகர்ந்துகொண்டார். பேராசிரியர் பொன்னாடையை எடுத்து வந்து எனக்குப் போர்த்தினார். நான் கழுத்தை நீட்டினேன்.

திரும்பி வரும்போது வண்டியில் நான் அவருக்கு நன்றி சொல்லவில்லை. "எதுக்கு அண்ணா நடுவுல வந்து கையப் புடிச்சீங்க? என்ன நினைப்பாங்க?" என்று கத்தினேன். அன்று என் கண்ணையும் முன்வரிசையில் நின்றவர்கள் கண்ணையும் காப்பாற்றிய மனிதரிடம் கேட்ட கேள்வி அது.

அவர் ரோட்டைப் பார்த்தபடி, "தப்புதான் சார்" என்றார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. படகு வேலை நிறைய வந்துவிட்டது என்று போனில் சொன்னார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் போய்ப் பார்த்திருப்பேனோ என்னவோ. கோவளம் என்ன, ஒரு மணி நேர தூரம். போகவில்லை.

சாவுக்குப் போய்க் கூட்டத்தோடு நின்றுவிட்டு வந்தேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுபடி போனபோதுதான் வள்ளியிடம் பேச முடிந்தது. கல்லூரியில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். அவர் இடைமறித்தார்.

"தெரியும் சார். அன்னிக்கே சொன்னாரு. சாரு ரொம்ப பயந்துட்டாரு, கண்ணு போயிருந்தா அவரு குடும்பம் இன்னா ஆவும்னு சாப்புடாம அதையேதான் சொல்லிகினு இருந்தாரு."

"பொன்னாடை பத்தி?"

"இன்னா பொன்னாடை?"

அதைக் கஜேந்திரன் வீட்டில் சொல்லவே இல்லை. நான் சொன்னேன். பொன்னாடை, வண்டியில் கத்தியது, பிரவீனிடம் சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னேன். வள்ளி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு கேட்டார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. திட்டவும் இல்லை.

"இத அவராண்ட சொல்லிருக்கலாமே சார். ரெண்டு வருசம் இங்கதானே இருந்தாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு, வந்தவர்களைக் கவனிக்க எழுந்து போனார்.

மறுநாள் பிரவீனைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். "அவர் நம்பர் குடுங்க சார், ஒரு தேங்க்ஸ் சொல்லிடறேன்" என்றார். இறந்துவிட்டார் என்று சொல்ல வேண்டியிருந்தது. பேராசிரியருக்கும் எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை.

கஜேந்திரனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பதைச் சொல்லி முடிக்கிறேன். அவர் கைத்திறன் எனக்கு வரவில்லை, இனி வரப்போவதும் இல்லை. இப்போது கடையில் ஃபைபர் வேலை செய்பவர் அனகாபுத்தூர்க்காரர், சுரேஷ். யார் செய்தது என்று வாடிக்கையாளர் கேட்டால் அவரை முன்னால் அழைத்து நிறுத்துகிறேன். நான் செய்ய வேண்டியது அவ்வளவுதான் என்றாலும், சுரேஷ் என்ற பெயரைச் சொல்வதற்கு முன் ஒவ்வொரு முறையும் 'நான்தான்' என்ற சொல் வாய்வரை வந்து நிற்கிறது. அதை விழுங்கும் அந்த ஒரு கணம்தான் கஜேந்திரனிடமிருந்து எனக்கு மிச்சம்.