அஞ்சலையின் கரண்டி

மார்ச் 9, ஞாயிறு. வழக்கம்போல் ஆறு மணிக்கு எழுந்து, துணி காயப்போட்டு, பத்தரைக்குச் சுபாங் ஜெயாவில் உள்ள கொரியப் பொருள் கடைக்குப் போனேன். அம்மாவுக்கு எழுபத்தைந்தாவது பிறந்தநாள். அவர் தினமும் பார்க்கும் கொரிய நாடகங்களில் வருவதுபோல் ஏதாவது வாங்க வேண்டும், ஐம்பது மலேசிய வெள்ளிக்குள். சிப்பி பதித்த பெட்டி கட்டுப்படியாகவில்லை. நீளக் காம்புள்ள பித்தளைக் கரண்டி நாற்பத்திரண்டு வெள்ளி.

“ஆன்டி, கொரியால இதுல பேரு வெட்டிக் கொடுப்பாங்க. நாங்களும் ஃப்ரீயா போட்டுத் தரோம் லா. யார் பேரு?” என்றாள் கடைப் பெண்.

உள்ளே வேறு யாருக்கோ பெயர் வெட்டும் மெஷின் கிர்ரென்று ஓடியது. பிரிக்பீல்ட்ஸ் பாத்திரக் கடையில் கேட்ட அதே சத்தம். ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தபோது தீபாவளிக்குத் தீபாவளி ஓர் எவர்சில்வர் பாத்திரம் வாங்குவோம். கடைக்காரர் பெயர் கேட்பார். அம்மா அப்பாவின் பெயரைச் சொல்வார். கல்யாண வீடுகளுக்கு இரவல் போன பாத்திரங்கள் அந்தப் பெயரால்தான் திரும்பி வந்தன. ஒன்பது வயதில் ஒருமுறை, “உன் பேர ஏம்மா போடல?” என்று கேட்டேன்.

“என் பேரு யாருக்குடி தெரியும்? பாத்திரம் வீடு வந்து சேர வேணாமா?” என்று சிரித்தார்.

கடைப் பெண்ணிடம் ‘அஞ்சலை’ என்று எழுதிக் கொடுத்தேன்.

மாலையில் அம்மா கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்பா பேரு போடலையா?”

“இது எங்கயும் இரவல் போகாதும்மா.”



மறுநாள் காலை முதல் வேலையாகப் பாத்திரம் கழுவப் போனேன். அம்மா மைலோ குடித்த கோப்பை மட்டும் கிடந்தது.

“கரண்டி எங்கம்மா?”

“அத நானே கழுவி வச்சுட்டேன். நீ தொடாத.”