பிரகாசம் சார் நடத்திய மொச்சை ஓட்டு

பிரகாசம் சார் தவறிவிட்டார் என்று சங்கத்து வாட்சப் குழுவில் செய்தி வந்தபோது, வாசலில் ஏறியிருந்த சாக்கடைத் தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து அழுதேன். அழுகை நின்றதும் கோபம் வந்தது. நம் குடியிருப்போர் சங்கத்துக்கு அவர் தலைவர், நான் செயலாளர். அதனால்தான் நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். நல்லதையும் எழுதுகிறேன், மற்றதையும் எழுதுகிறேன்.

சங்கத்துச் சுற்றுலா என்றாலே நமக்குள் சண்டைதான். கொடைக்கானல் என்று ஒரு கூட்டம், வேளாங்கண்ணி என்று இன்னொரு கூட்டம். ஒரு வருஷம் சார் எழுந்தார். "ஒரு ஊருக்குத்தான் கை தூக்கணும்னு யாரு சொன்னா? போகச் சம்மதமான ஊருக்கெல்லாம் தூக்குங்க" என்றார். யாரும் அடம்பிடிக்காத குற்றாலத்துக்குத்தான் அதிகக் கை எழுந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் எல்லோரும் பஸ் ஏறிய முதல் சுற்றுலா அது.

அதே யோசனையைத்தான் வார்டு தேர்தலுக்கும் கொண்டுவந்தார். முந்தைய தேர்தலில் நம் பகுதியிலிருந்து மூன்று பேர் நின்றதில் ஓட்டு பிரிந்தது. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்து ஆள் ஜெயித்தார். நம் தெருவுக்குச் சாக்கடைக் கால்வாய் வரவே இல்லை. இந்த முறை நிற்க ஆசைப்பட்டது நான், மண்டி வைத்திருக்கும் பழனிச்சாமி அண்ணன், சாரின் அக்கா மகன் ஜோசப். நமக்குள் முதலில் ஓட்டுப் போட்டு ஒருவரை மட்டும் நிறுத்துவோம் என்றார் சார். நான் எதற்காகவும் அம்புட்டு ஆசைப்பட்டதில்லை. அந்தக் கால்வாயை நானே நின்று கட்ட வேண்டும் என்றிருந்தேன்.

சங்கக் கட்டடத்தில் திரைக்குப் பின்னால் மூன்று செம்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். ஆளுக்கு மூன்று மொச்சைக்கொட்டை. ஏற்கத்தக்கவர் செம்பில் எல்லாம் ஒவ்வொன்று போடலாம்; மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம். எந்தச் செம்பில் அதிகமோ அவரே நம் வேட்பாளர். "பிடிச்சவங்களுக்கு மட்டும் போடாதீங்க. சகிச்சுக்க முடியிறவங்களுக்கும் போடுங்க. அப்பத்தான் ஊரு ஒண்ணா நிக்கும்" என்று சார் சொன்னபோது நம்மில் பலர் கை தட்டினோம். ஜோசப் நல்ல பையன்தான். எனக்கு ஒன்று போட்டேன், அவனுக்கும் ஒன்று போட்டேன்.

வெளியே வந்து நிற்கையில் சாரின் மனைவி ஸ்டெல்லா அக்கா என்னிடம் வந்து உள்ளங்கையை விரித்தார். "ஏம்மா, மிச்சக் கொட்டைய எங்க போடணும்? சோசப்புக்கு மட்டும் போட்டாப் போதும்னு சார் எங்க சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு." அவருக்குச் சூது தெரியாது. வீட்டுக்கே கொண்டுபோகச் சொல்லி அனுப்பினேன்.

கொஞ்சம் வித்தியாசத்தில் என்னை ஜோசப் ஜெயித்தான்; எங்கள் கொட்டை அவனுக்கும் விழுந்தது, அவர்கள் கொட்டை எங்களுக்கு விழவில்லை. சாரைத் தனியே மறித்துக் கேட்டேன். "ஒருத்தருக்கு மட்டும் போடக் கூடாதுன்னு விதி இருக்காம்மா?" என்றார். விதி இல்லைதான். அந்த முறையில் அதுவும் செல்லும் ஓட்டுதான். "அப்ப எங்களுக்கு ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டே, "அவன் என் அக்கா மவன்மா" என்றார். பிறகு ஜோசப் கவுன்சிலரும் ஆனான். கால்வாய்க்கு மனு கொடுத்திருப்பதாகப் போகிற வழியில் சொல்வான்.

அடக்கத்துக்குப் போனேன், மண் போட்டேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய். அந்த முறையில் இன்றும் எனக்குக் குறை இல்லை. நாளைக்கே சங்கத் தேர்தல் வந்தாலும் அப்படித்தான் நடத்துவேன். ஆனால் சாரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அது இல்லை. தன் சொந்தக்காரர்களுக்கு ஒன்றும் எனக்கு ஒன்றும் சொன்னாரே, அவர் சொன்னபடியே நான் செய்வேன், ஜோசப்புக்கும் போடுவேன் என்று அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. என் நேர்மையை அவரைப்போல நம்பியவர் இந்த ஊரில் யாரும் இல்லை. அதை நம்பித்தான் என்னைத் தோற்கடித்தார்.